கைநாட்டும் உரிமமும்

பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு வரும் பழைய சாலையில் பால்மரங்கள் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. செம்பனையும் சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிவிட்டது. மாறாமல் நிற்பது ஜெராய் மலை ஒன்றே. அம்மலையைப் பார்த்தபடி ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர், இன்று சுங்கைப் பட்டாணியின் பழைய கடைவரிசை ஒன்றில் சிறிய அச்சகம் நடத்துகிறார். திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாத் துண்டறிக்கை, கருமாதி அறிவிப்பு, தமிழ்ப்பள்ளிகளின் ஆண்டு மலர், கடைகளுக்கான பற்றுச்சீட்டுப் புத்தகம் ஆகியவையே அவருடைய தொழில். ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த காலத்தில் தொடங்கிய கடை அது.

அவருடைய தந்தையார் பால் வெட்டுத் தொழிலாளி. சம்பள நாளன்று தோட்ட அலுவலகத்தின் முன் வரிசையில் நிற்பார். கிராணியார் கணக்குப் புத்தகத்தைத் திருப்பி, ஓரிடத்தைச் சுட்டிக் காட்டுவார். மைப்பெட்டியில் கட்டைவிரலைத் தோய்த்து அங்கே ஊன்றிவிட்டு, கொடுத்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு திரும்புவார். பிடித்தம் எவ்வளவு, எதற்காக என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஒப்பந்தக் கூலிமுறை மலாயாவில் 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையும் 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் ஓய்ந்தது. முறைகள் மாறின, ஆயினும், தாளில் எழுதியிருப்பது இன்னதென்று அறியாமலேயே விரலை ஊன்றும் வழக்கம் அத்துணை விரைவில் மாறிவிடவில்லை. மகன் தோட்டப் பள்ளியில் தன் பெயரை எழுதக் கற்ற அன்று, தந்தையார் அந்தப் பலகையை அண்டை வீட்டார்க்கெல்லாம் எடுத்துச் சென்று காட்டினாராம்.

எழுத்தறியாத தந்தைக்கும் அச்சுத்தொழில் செய்யும் மகனுக்கும் இடையே எத்துணைத் தொலைவு! ஆயினும் அத்தொலைவை ஒரு சிறு கட்டம் அழித்துவிட்டதை அவர் நெடுங்காலம் உணரவில்லை. கடையில் நான்கு கணினிகள் இருந்தன. புதிய மென்பொருள் ஒன்றை ஏற்றும்போதெல்லாம் திரையில் சிறிய எழுத்தில் நீண்ட ஆங்கில வாசகம் தோன்றும். அதன் அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் பொருளுடைய கட்டம் இருக்கும். அதை அழுத்தினாலன்றி மேலே செல்ல இயலாது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளாக அவர் அதை அழுத்தியே வந்தார். ஒரு முறையேனும் அவ்வாசகத்தைப் படித்ததில்லை.

கணினிகளை விற்றவர், வேண்டிய மென்பொருள்கள் அனைத்தையும் தாமே ஏற்றித் தந்திருந்தார். ‘எல்லாம் சேர்த்து இவ்வளவு’ என்று ஒரு தொகை. பற்றுச்சீட்டில் மென்பொருளின் பெயர் ஒன்றுகூட இல்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் வாங்கினார்கள். பின்னர் அண்டை ஊரில் ஒரு கடைக்கு அமலாக்க அதிகாரிகள் வந்து கணினிகளை எடுத்துச் சென்றார்கள் என்னும் செய்தி பரவியது. அச்செய்தி மெய்யோ பொய்யோ, அவர் அன்றிரவு உறங்கவில்லை.

மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் கணினி நிரலை ‘இலக்கியப் படைப்பு’ என்னும் வகையிலேயே அடக்குகிறது. தமிழாசிரியர்க்கு இது வியப்பாக இருக்கலாம். நாவலும் கூலிக்கணக்கு நிரலும் சட்டத்தின் கண்ணில் ஓரினம்! உரிமையின்றி எடுக்கப்பட்ட படியைச் சொந்த, வீட்டுப் பயன்பாட்டிற்கன்றி வைத்திருத்தலும் அச்சட்டத்தின்படி குற்றமாகும். ஒவ்வொரு படிக்கும் 2,000 வெள்ளிக்குக் குறையாமலும் 20,000 வெள்ளிக்கு மேற்படாமலும் தண்டத் தொகை விதிக்கலாம். ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். நான்கு கணினி, ஒவ்வொன்றிலும் ஐந்து மென்பொருள். ஆக இருபது படிகள். குறைந்த அளவு தண்டமே 40,000 வெள்ளி என்று அவர் ஒரு பழைய அழைப்பிதழின் பின்புறத்தில் கணக்கிட்டுப் பார்த்தார். அத்தொகைக்கு அவருடைய அச்சு இயந்திரத்தையும் கடையிலுள்ள தாள்களையும் சேர்த்து விற்றாலும் ஈடாகாது.

2020ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் விண்டோஸ் 7 என்னும் இயக்குதளத்திற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. கணினிகள் பழையவை; புதியதைத் தாங்கா. அனைத்தையும் மாற்றுவதென்றால் கடன் வாங்க வேண்டும். இரு மாதங்களில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் வந்தது. மார்ச்சு 18 முதல் கடை மூடிக் கிடந்தது. பங்குனி, சித்திரைத் திருவிழாக்கள் நின்றன. திருமணங்கள் தள்ளிப் போயின. அழைப்பிதழ் இல்லாத ஊரில் அச்சகத்துக்கு என்ன வேலை?

அவருடைய தங்கை மகன் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளன். 1996இல் அப்பூங்கா திறக்கப்பட்டபின், கெடா தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர்க்கு அங்கே வேலை கிடைத்தது. அவர்களுள் அவனும் ஒருவன். கட்டுப்பாடு சற்றுத் தளர்ந்தபோது கடைக்கு வந்தவன், பழைய கணினிகளிலேயே லினக்ஸ் இயக்குதளத்தையும், எழுத்துப் பணிக்கு லிப்ரெஆபிஸையும், படங்களுக்குக் கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றையும், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸையும் ஏற்றலாம் என்றான்.

“காசு இல்லாமலா?” என்று கேட்டார் மாமா.

“காசு இல்லாமலே.”

“தோட்டத்தில் சும்மா கொடுத்தவன் எல்லாம் பின்னால் வந்து கேட்டான், மாப்பிள்ளை. இவர்கள் என்ன கேட்பார்கள்?”

“அதை எழுதியே வைத்திருக்கிறார்கள், மாமா. படித்தால் தெரியும்.”

அந்த மறுமொழி அவரைச் சுட்டது. மறுநாள் அவர் செய்த முதல் வேலை, ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பைத் தம் கடைத் தாளிலேயே அச்சிட்டுக்கொண்டதுதான். இடைநிலைப் பள்ளியில் மலாய் வழி பயின்றவர். ஆங்கிலம் அவருக்கு ஓடாது. ஓர் அகராதியும் ஒரு பென்சிலும் வைத்துக்கொண்டு, விளங்காத இடங்களைக் கோடிட்டு, இரவில் மருமகனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். மூடிக்கிடந்த கடை அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று.

ரிச்சர்ட் ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலாளர் 1983இல் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். ஒரு நிரலை எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம். அது எவ்வாறு இயங்குகிறது என்று ஆராயலாம். படியெடுத்துப் பிறர்க்குத் தரலாம். திருத்தி மேம்படுத்தி, திருத்தியதையும் தரலாம். இந்நான்கு உரிமைகளும் பயன்படுத்துவோர் அனைவர்க்கும் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதனைக் காக்கவே 1989இல் ஜி.பி.எல். உரிமம் வெளிவந்தது, 1991இல் இரண்டாம் பதிப்பும் 2007இல் மூன்றாம் பதிப்பும் தொடர்ந்தன. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருவகம் அடுத்த ஆண்டே அவ்வுரிமத்தின்கீழ் வந்தது. அதை நம் நாட்டிலும் யாரும் அறியாமல் இல்லை. அரசுத் துறைகள் திறமூல மென்பொருளைப் பயன்படுத்துவதற்கான பெருந்திட்டம் ஒன்று 2004இலேயே வெளியிடப்பட்டது. சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவுக்கு அச்செய்தி வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே சொற்களைச் சற்று நின்று பார்த்தல் தகும். உரிமை வேறு, உரிமம் வேறு. உரிமை உடையவர் பிறர்க்கு எழுதித் தரும் இசைவே உரிமம். கடையில் மென்பொருளை விலைக்கு ‘வாங்கியதாக’ நாம் சொல்வது பெரும்பாலும் பிழை. வாங்கியது உரிமத்தை மட்டுமே. ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் தொடரும் அழகியது. ஆனால் அதுவும் மயக்கம் தருவது. கட்டே இல்லை என்று கொண்டால் தவறு நேரும். யாப்பு என்னும் சொல்லுக்கே கட்டு என்பதுதானே பொருள்? ஜி.பி.எல்.லும் ஒரு யாப்புத்தான். அதன் தளை ஒன்றே: பெற்ற உரிமையை அடுத்தவர்க்கு மறுக்காதே என்பது. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் கட்டற்றதும் அன்று. கட்டற்றதெல்லாம் இலவசமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

மூலநிரல் என்னும் சொல்லாட்சி தமிழாசிரியர்க்கு இன்னும் நெருக்கமானது. ‘மூலமும் உரையும்’ என்று அட்டையில் அச்சிட்ட நூல்களைப் படித்தே நாம் வளர்ந்தோம். 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது, ஏடுகளில் முடங்கியிருந்த மூலம் அனைவர் கைக்கும் வந்தது; பின்வந்தோர் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு ஆராய முடிந்தது. மூலத்தை மறைத்து உரையை மட்டும் தந்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஜி.பி.எல்.லும், திருத்திய கோப்பில் ‘இதை இன்ன நாளில் திருத்தினேன்’ என்று குறிக்கச் சொல்கிறது. நல்ல பதிப்பாசிரியர் செய்வதும் அதுவே.

அச்சகத்தார் கோடிட்ட இடங்களுள் இரண்டு அவருடைய தொழிலை நேரே தொட்டன. ஒன்று, நிரலை இயக்குவதற்குத் தடையேதும் இல்லை. அதைக்கொண்டு செய்த அழைப்பிதழும் மலரும் முழுக்க அவருடையவை. கடைக்குள்ளேயே நிரலைத் திருத்திப் பயன்படுத்தினாலும் யாருக்கும் எதையும் தர வேண்டியதில்லை. பிறர்க்குக் கொடுக்கும்போதுதான் கடமை பிறக்கிறது. மற்றொன்று பெரிய எழுத்துகளில் இருந்தது: நிரல் பழுதாகி நட்டம் நேர்ந்தால் அதை எழுதியவர் பொறுப்பல்லர். “அப்படியானால் கெட்டுப்போனால் யாரைக் கேட்பது?” என்று அவர் அன்று கேட்டது நியாயமான கேள்வியே. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு இத்தகைய பொறுப்புத் துறப்பு விலைக்கு வாங்கும் மென்பொருள்களின் உரிமங்களிலும் உண்டு என்பதை அவர் பின்னரே கண்டார். அவற்றையும் அதுவரை படித்திருக்கவில்லையல்லவா? அன்று முதல் ஒவ்வொரு மாலையும் கோப்புகள் வேறொரு வட்டில் படியெடுக்கப்படுகின்றன.

எழுத்துருக்கள்தாம் அவரைப் பெரிதும் வாட்டின. தமிழ் அச்சகத்துக்கு எழுத்துரு உயிர். அவரிடமிருந்த பழைய கோப்புகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டு முறையில் கிடந்தன. கணித்தமிழின் தொடக்கக் காலத்தில் எழுத்துருவை உருவாக்கியவர் ஒவ்வொருவரும் தத்தமக்கென ஓர் அடுக்கு வைத்துக்கொண்டனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன; டிஸ்கி என்பது இணைய ஆர்வலரிடையே வழங்கியது; ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் இருந்தும் அது அச்சகங்களை வந்தடைய நெடுநாள் ஆயிற்று. எழுத்துருவை இழந்தால் கோப்பும் இழப்பு. இருபது ஆண்டுப் பள்ளி மலர்கள், கோயில் தலவரலாறுகள் அனைத்தும் திரையில் பொருளற்ற குறிகளாக நின்றன. ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் திறமூலத் தொகுப்பில் பழைய குறியீடுகளை ஒருங்குறியாக மாற்றும் கருவி உண்டு. அதைக்கொண்டு மருமகன் அவற்றுள் பலவற்றை மீட்டுக் கொடுத்தான். அத்தொகுப்பு எம்.ஐ.டி. உரிமத்தில் உள்ளது. அவ்வுரிமம் மிகச் சிறியது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்துக்கொண்டால் போதும், வேறு கட்டளை இல்லை.

எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்டது ஓ.எஃப்.எல். எனப்படும் திறந்த எழுத்துரு உரிமம். அதன் இப்போதைய பதிப்பு 2007இல் வந்தது. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்குத் தரலாம், எழுத்துருவை மட்டும் தனியே விலைக்கு விற்றலாகாது, திருத்தியதும் அதே உரிமத்திலேயே வெளிவர வேண்டும். அவ்வெழுத்துருவால் ஆக்கிய நூலையோ அழைப்பிதழையோ அக்கட்டு தொடாது. ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் வெளியிட்ட லோகித் எழுத்துருக்கள் முதலில் ஜி.பி.எல்.லில் இருந்தன. எழுத்துருவை ஆவணத்துக்குள் பதித்தால் ஆவணமும் அவ்வுரிமத்துக்குள் வந்துவிடுமோ என்னும் ஐயம் அத்தகைய எழுத்துருக்களைப் பற்றி எழுவதுண்டு; லோகித் 2011இல் ஓ.எஃப்.எல்.லுக்கு மாறியது. கூகுளின் நோட்டோவும் 2015இல் அவ்வாறே மாறியது. பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த ‘காட்டமரான்’ என்னும் எழுத்துருவை அச்சகத்தார்க்கு மிகவும் பிடித்துவிட்டது. நம் கட்டுமரம் ஆங்கிலம் சென்று காட்டமரானாகி, அப்பெயரோடு தமிழ் எழுத்துக்கே திரும்பி வந்திருக்கிறது!

கட்டற்றவை கிடைத்துவிட்டன என்பதற்காக விலை வைத்து விற்பவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கி வளர்த்த முரசு போன்ற முயற்சிகள் இல்லையேல் மலேசியத் தமிழ் கணினியில் இவ்வளவு விரைவாக ஏறியிராது. உழைத்தவர் விலை கேட்டால் கொடுத்து வாங்குவதே நேர்மை. கயமை எதுவெனில், விலை கேட்பவர் பொருளை விலையின்றி எடுத்து, ‘எல்லாரும் செய்கிறார்கள்’ என்று சொல்லிக்கொள்வதுதான். அச்சகத்தார் அதை மறைக்காமல் சொல்வார்: “இருபது வருடம் நானும் திருடித்தான் அச்சடித்தேன்.”

வழி எளிதாக இருந்ததென்று எண்ணிவிடலாகாது. ஸ்கிரைபஸின் பழைய பதிப்பில் தமிழ் எழுத்தே சீராக வரவில்லை. ‘கொடி’ என்று தட்டினால் கொம்பு ககரத்தின் பின்னே போய் நின்றது. வலமிருந்து இடமாக எழுதும் அரபுமொழிக்காக ஓமான் நாட்டு நிரலாளர்கள் அதன் எழுத்தடுக்கும் பகுதியைப் புதுக்கினர், 1.5 வரிசைப் பதிப்புகளில் அது சேர்ந்ததும் தமிழின் கொம்பும் தன் இடத்துக்கு வந்தது. மூலம் திறந்திருந்ததால் அரபுக்குச் செய்த பணி தமிழுக்கும் பயன்பட்டது. அதுவரை இரண்டு வாடிக்கையாளர்கள் பொறுமை இழந்து வேறு அச்சகம் சென்றுவிட்டனர். அவர்கள் திரும்பி வரவேயில்லை.

பள்ளி மலர்களில் வேறொரு சிக்கல் எழுந்தது. மாணவர் கட்டுரைக்கு இணையத்திலிருந்து படம் எடுத்துப் போடுவது எல்லாப் பள்ளியிலும் வழக்கம். அவற்றுள் பல, 2002 முதல் வழங்கும் படைப்பாக்கப் பொதும உரிமங்களின்கீழ் உள்ளவை. எடுத்தவர் பெயரைக் குறித்தால் போதும் என்பது ஒன்று. அதே உரிமத்தில் பகிர்க என்பது ஒன்று. வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்பது ஒன்று. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை நம் ஆசிரியர்கள் அறிவர். சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, 1998 பொங்கலன்று தொடங்கிய பணி அது. முகப்புப் பக்கத்தை நீக்காமல் நூலை யாருக்கும் வழங்கலாம் என்பதே அதன் கட்டளை. நாம் செய்வதோ, அந்த முகப்பைத்தான் முதலில் வெட்டுகிறோம். தட்டச்சு செய்தவர், பிழை பார்த்தவர் பெயரெல்லாம் அதில்தானே இருக்கின்றன?

‘வணிகத்துக்கு ஆகாது’ என்று குறித்த பயிற்சித்தாளைப் பள்ளி கொண்டுவந்து கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு அச்சிடலாமா? அச்சகத்தாரை நெடுநாள் அலைக்கழித்த வினா இது. இதே வினா அமெரிக்காவில் வழக்காகவே நடந்திருக்கிறது. கிரேட் மைண்ட்ஸ் என்னும் அமைப்பு தன் கணிதப் பாடங்களை வணிகத்திற்கல்லாத உரிமத்தில் வெளியிட்டது. பள்ளிகள் அவற்றை ஃபெட்எக்ஸ் கடைகளில் கூலி கொடுத்துப் படியெடுத்தன. கடை ஈட்டும் கூலி வணிகமன்றோ என்று அமைப்பு வழக்காடியது. பள்ளியின் பயன்பாடு வணிகமன்று. பள்ளியின் ஏவலால் படியெடுத்துக் கொடுக்கும் கடையும் உரிமத்தை மீறவில்லை என்று 2018 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்கத் தீர்ப்பு மலேசிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாதுதான். ஆயினும் வினாவைப் பிரித்துப் பார்க்கும் வழியை அது காட்டியது. பள்ளி கேட்டால் அச்சிடுகிறார். அதே தாளைத் தாமாக அச்சிட்டு அடுக்கில் வைத்து விற்கமாட்டார்.

மாமாவுக்கும் மருமகனுக்கும் மனத்தாங்கல் வந்தது பணத்தால். ஜி.பி.எல்.லில் வெளியான விற்பனைக் கணக்கு நிரல் ஒன்றை எடுத்து, பற்றுச்சீட்டு தமிழில் வரும்படி திருத்தினான் மருமகன். மாமா முதல் போட்டார். கூலிமில் ஒரு மாவு மில், பாடாங் செராயில் ஒரு பூமாலைக் கடை, லூனாஸில் ஒரு மளிகைக் கடை என மூன்று இடங்களில் முந்நூறு முந்நூறு வெள்ளிக்கு அதை விற்றார்கள். விற்பதற்குத் தடையில்லை. ஆனால் வாங்கியவர்க்கு மூலநிரலையும் தர வேண்டும். அல்லது கேட்டால் தருவோம் என்று குறைந்தது மூன்றாண்டுக்குச் செல்லத்தக்க எழுத்துறுதியேனும் தர வேண்டும். வாங்கியவர் அதைப் பிறர்க்குக் கொடுப்பதைத் தடுக்கவும் இயலாது.

“உழைத்தது நீ, பணம் போட்டது நான். எதற்காக மூலத்தைக் கொடுக்க வேண்டும்? யாருக்குத் தெரியப் போகிறது?” என்றார் மாமா.

மருமகன் மறுமொழி கூறாமல் ஒரு வழக்கைச் சொன்னான். பொம்மை இரயில்களை இயக்கும் நிரலொன்றை எழுதித் திறந்த உரிமத்தில் தந்தார் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்கர். அதன் கோப்புகளை எடுத்தாண்ட ஒரு வணிகர் தரப்பு ஆக்கியோர் பெயரை விட்டுவிட்டது. விலையின்றிக் கொடுத்ததற்கு நட்டமேது என்று வாதிட இடம் இருந்தது. ஆனால் 2008 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய உரிமத்தின் நிபந்தனைகளை மீறுவதும் பதிப்புரிமை மீறலாகலாம் என்று கூறியது. பொம்மை இரயிலுக்கே இந்த நீதியென்றால் மளிகைக் கணக்குக்கு எப்படியிருக்கும்?

மூலநிரல் கொடுக்கப்பட்டது. அஞ்சியதே நடந்தது. லூனாஸ் கடைக்காரரின் உறவினர் ஒருவர் அதைப் பெற்று, மேலும் திருத்தி, பாதி விலைக்கு வேறு கடைகளுக்கு விற்றார். உரிமப்படி அதில் பிழையில்லை. மாமா போட்ட முதலில் பாதிகூடத் திரும்பவில்லை; சில மாதங்கள் மருமகனோடு முகம்கொடுத்துப் பேசவும் இல்லை. அந்த உறவினர் செய்த திருத்தம் ஒன்று மட்டும் அவர்களுக்குப் பயன்பட்டது. 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரொக்கப் பற்றுச்சீட்டின் மொத்தத் தொகை ஐந்து காசுக்கு நெருக்கமாகத் திருத்தப்படுகிறதல்லவா? அதை மருமகனின் நிரல் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே செய்து கணக்கைக் குழப்பி வந்தது. புதியவர் அதைச் சரிசெய்திருந்தார். அவரிடம் வாங்கிய ஒரு கடைக்காரர், தமக்குரிய மூலநிரலை மனமுவந்து கொடுக்க, மாவு மில்லின் கணக்கும் சரியாயிற்று. இலாபத்துக்கு இது ஈடாகுமா என்று கேட்டால், ஆகாது என்றே அச்சகத்தார் இன்றும் சொல்கிறார்.

அண்மையில் பீடோங் பக்கத்துப் பெண் ஒருத்தி கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தமிழ்ப்பள்ளியில் படித்தவள்; ஆங்கிலமும் நன்கு அறிவாள். ஒரு நண்பகலில் புதிய மென்பொருள் ஒன்றை ஏற்றும்போது அந்தப் பழைய கட்டம் திரையில் வந்தது. அவள் விரல் தானாகவே நகர்ந்தது. “நில்லம்மா. முதலில் படி” என்றார் அவர். பழகட்டும் என்று, கடையில் பயன்படும் எழுத்துருக்களின் உரிமங்களையும் அடுக்கிக் கொடுத்தார். திருமண அழைப்பிதழுக்காக வந்திருந்த ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார்.

சற்று நேரங்கழித்து அவள், “ஐயா, இந்த எழுத்துருவின் ‘ஸ்ரீ’ எழுத்தை நாம் மாற்றியிருக்கிறோம் அல்லவா?” என்று கேட்டாள்.

“ஆமாம். கோயில்காரர்களுக்கு அந்தச் சுழி பிடிக்கவில்லை. மாற்றி, அலோர் ஸ்டார் அச்சகத்துக்கும் ஒரு படி அனுப்பினேன். கொடுக்கலாம் என்றுதானே இருக்கிறது?”

“கொடுக்கலாம், ஐயா. ஆனால் திருத்தியதற்குப் பழைய பெயரையே வைக்கக் கூடாதாம். உருவாக்கியவர் அந்தப் பெயரைக் காத்துவைத்திருக்கிறார். இதோ, முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது.”

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் விரல் சுட்டிய இடத்தைப் பார்த்தார். இருமுறை படித்தார். பிறகு அலோர் ஸ்டாருக்குத் தொலைபேசியில் பேசி, அந்தக் கோப்பை நீக்கிவிடுமாறும் வேறு பெயரில் ஒன்று அனுப்புவதாகவும் சொன்னார். என்ன பெயர் வைப்பது என்பதில் இருவருக்கும் கருத்து ஒன்றவில்லை. பெஞ்சிலிருந்தவர் தமக்குத் தோன்றிய ஒரு பெயரைச் சொன்னார்.